லூப் மேல் குற்றமில்லை, தரையைப் பாருங்கள்

கேள்வி சுருக்கமாக இதுதான். லண்டனுக்கு வெளியே ஒரு பழைய கிடங்கை வாங்கி மண்டபமாக மாற்றியிருக்கிறார்கள். முதல் மாடியில் ஹால், 10 மீட்டருக்கு 10 மீட்டர். காது மெஷின் போட்டிருக்கும் பெரியவர்களுக்காகச் சுவரோரமாக ஒரு சுற்று இண்டக்‌ஷன் லூப் ஒயர் ஓட்டியிருக்கிறார்கள். அப்பா சுவர்ப் பக்கம் உட்கார்ந்தால் பேச்சு நன்றாகக் கேட்கிறது. நடு வரிசைக்குப் போனால் சத்தம் குறைகிறது, அதோடு "கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி" இருக்கிறதாம். போட்டுக் கொடுத்தவர் இன்னும் பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

வாங்காதீர்கள். நீங்களே போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் மேல்தளத்தின் அடிப்பக்கம் தகரம் மாதிரி நெளிநெளியாகத் தெரியும் என்று. மொத்தக் கதையும் அந்த வரியில்தான் இருக்கிறது. அது கான்கிரீட்டுக்கு அடியில் போடும் இரும்பு டெக் ஷீட். லூப்புக்கு அதைவிட மோசமான தரை கிடைப்பது கஷ்டம்.

முதலில் லூப் என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன், அது தெரிந்தால்தான் தகடு என்ன கெடுக்கிறது என்பது புரியும். மைக்கில் பேசுவது ஆம்ப்ளிஃபையர் வழியாக ஒயரில் மின்னோட்டமாக ஓடுகிறது, அந்த ஓட்டம் அறைக்குள் காந்தப்புலத்தை உண்டாக்குகிறது, பேச்சு ஏறி இறங்குவது போலவே புலமும் ஏறி இறங்குகிறது. காது மெஷினுக்குள் டி-காயில் என்று ஒரு குட்டிச் சுருள் இருக்கும். மெஷினை 'டி'யில் வைத்தால் அந்தச் சுருள் புலத்தைப் பிடித்து நேராகக் காதுக்குக் கொடுக்கும். ஹாலின் எதிரொலியோ, பின் வரிசைக் குழந்தைகளின் சத்தமோ நடுவில் வராது. ஜோசப் பொலியகோஃப் என்பவர் பிரிட்டனில் இதற்குக் காப்புரிமை வாங்கியது 1937இல். ஆம்ப்ளிஃபையர்கள் எவ்வளவோ மாறிவிட்டன, ஒயரும் சுருளும் பேசிக்கொள்ளும் விதம் மட்டும் அன்று போலவேதான்.

லூப் பற்றிச் சொல்பவர்கள் பெரும்பாலும் ஒரு கதையைச் சொல்வார்கள். டேவிட் மையர்ஸ் என்ற அமெரிக்க உளவியல் பேராசிரியர், அவருக்கே காது மந்தம், 1999இல் ஸ்காட்லாந்தின் ஐயோனா தீவு மடாலயத்தில் வழிபாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது மெஷினை 'டி'க்கு மாற்றியிருக்கிறார். அதுவரை கல் சுவர்களில் மோதிக் கலங்கிக் கேட்ட குரல், தலைக்கு நடுவில் நின்று பேசுவது போல் தெளிவாகிவிட்டது. ஊருக்குத் திரும்பி, மிச்சிகனில் ஹாலண்ட் என்ற தன் ஊரிலும் அப்புறம் அமெரிக்கா முழுக்கவும் லூப் போட வைக்கப் பாடுபட்டார். எனக்கு அந்தக் கதையில் ரொம்பப் பிடித்தது கட்டடம்தான். கல்லையும் மரத்தையும் காந்தப்புலம் கண்டுகொள்வதே இல்லை. கல் கோயிலில், பழைய மாதா கோயிலில் சுவரோரம் ஒரு சுற்று ஒயர் ஓட்டினால் பெரும்பாலும் முதல் நாளே வேலை செய்யும். அந்த அனுபவத்தை வைத்துக்கொண்டு அதே மாதிரி இரும்புக் கட்டடத்திலும் போட்டுவிடுகிறார்கள். உங்களுக்கும் அதுதான் நடந்திருக்கிறது.

இரும்பு, காந்தப்புலத்தை 'மறைத்துவிடும்', சுவர் வெயிலை மறைப்பது போல, என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதனால்தான் "ஒயர் தகட்டுக்கு மேலேதானே இருக்கு, ஆளும் மேலேதானே உட்கார்றார், நடுவுல ஒண்ணும் இல்லையே" என்று கேட்கிறார்கள். இன்னும் சிலர் ஒரு காந்தத்தை எடுத்து வந்து ஒட்டிப் பார்ப்பார்கள், ஒட்டவில்லை, அலுமினியம்தான், பயமில்லை என்பார்கள். அந்தச் சோதனையால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இங்கே கெடுதல் செய்வது உலோகத்தின் காந்தக் குணம் அல்ல, அதில் மின்சாரம் ஓடும் என்பதுதான். மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலத்தில் மின்சாரம் ஓடக்கூடிய எதை வைத்தாலும் அதற்குள் தானாக ஒரு மின்னோட்டம் சுழலும். அந்தச் சுழல் தன் பங்குக்கு ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும், அது எப்போதும் முதல் புலத்துக்கு எதிராகவே இருக்கும். பள்ளியில் படித்த லென்ஸ் விதி. அலுமினியத்தில் இரும்பைவிட எளிதாக மின்சாரம் ஓடும், ஆகவே காந்தம் ஒட்டாத அலுமினியம் இன்னும் மோசமாகக்கூட இருக்கலாம்.

இப்போது உங்கள் ஹாலை இப்படி நினைத்துப் பாருங்கள். தெப்பக்குளத்துப் படியில் ஒரு விளக்கு எரிகிறது, தண்ணீருக்குள் அதன் பிம்பம் தெரிகிறது. தகட்டுக்கு ஒரு சாண் மேலே லூப் ஒயர் ஓடினால், தகட்டுக்கு ஒரு சாண் கீழே ஒரு பிம்ப ஒயர் ஓடுவது போல ஆகிவிடும். ஒரே வித்தியாசம், பிம்பத்தில் மின்னோட்டம் நேர் எதிர்த் திசையில். ஒயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு நிஜ ஒயர் கிட்டே, பிம்ப ஒயர் கொஞ்சம் தள்ளி, ஆகவே நிஜம் ஜெயிக்கும். ஹால் நடுவில் உட்கார்ந்தவருக்கு 5 மீட்டர் தூரத்தில் ஒரு சாண், இரண்டு சாண் வித்தியாசமெல்லாம் ஒரு பொருட்டா? இரண்டு ஒயரும் ஒரே இடத்தில் இருப்பது போலத்தான், ஒன்றை ஒன்று தின்றுவிடும். சுவரோரம் கேட்கிறது, நடுவில் கேட்கவில்லை என்று அப்பா சொன்னது இதைத்தான்.

கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது போல் இருப்பதற்குக் காரணம் வேறு. தகட்டில் சுழலும் ஓட்டத்துக்கு அந்தத் தகட்டின் மின்தடை ஒரு முட்டுக்கட்டை, ஒரு தகடும் அடுத்த தகடும் சேரும் மூட்டுகளில் இன்னும் அதிகம். அதிர்வெண் குறைவாக இருக்கும்போது அந்தத் தடையே சுழலை அடக்கி வைத்துவிடும், பிம்பம் மங்கலாக இருக்கும். அதிர்வெண் ஏற ஏறத் தூண்டல் வலுக்கும், பிம்பமும் தெளிவாகிக்கொண்டே போகும். ஆகவே தடித்த ஒலிகள் தப்பித்து வரும், கீச்சு ஒலிகள் மாட்டிக்கொள்ளும். பேச்சில் உயிரெழுத்துகளின் பலம் கீழே இருக்கிறது, மெய்யெழுத்துகளைப் பிரித்துக் காட்டும் ஒலிகள் பெரும்பாலும் மேலே, 2 கிலோஹெர்ட்ஸுக்கும் அதற்கு மேலும். மேலே இருப்பதை வெட்டிவிட்டால் தலை, கலை, வலை எல்லாமே 'அலை' என்றுதான் கேட்கும். சத்தம் இருக்கும், சொல் இருக்காது. காது மந்தமானவர்களுக்குப் பெரும்பாலும் ஏற்கெனவே பலவீனமாக இருப்பதும் அந்த மேல் பகுதிதான், அதையே பார்த்து எடுத்துவிடுகிறது இந்தத் தரை.

சரி, பெரிய ஆம்ப்ளிஃபையர் விஷயம். கொஞ்சம் கணக்கு போடுவோம். லூப்புக்கான சர்வதேசத் தரநிலை, ஐஇசி 60118-4, பேச்சின் உச்சத்தில் மீட்டருக்கு 400 மில்லி ஆம்பியர் புலம் இருக்கவேண்டும் என்கிறது, உட்காரும் இடம் முழுக்க ஏற்ற இறக்கம் கூட்டல் கழித்தல் 3 டெசிபலுக்குள், 100 ஹெர்ட்ஸிலிருந்து 5 கிலோஹெர்ட்ஸ் வரை எல்லா அதிர்வெண்ணும் கிட்டத்தட்ட ஒரே அளவில். உலோகமே இல்லாத 10 மீட்டர் சதுர ஹாலில், லூப்பின் தளத்திலேயே நடுப்புள்ளியில் அந்தப் புலம் வர ஒயரில் சுமார் 4.5 ஆம்பியர் ஓடினால் போதும். தகடு நடுவில் 6 டெசிபல், அதாவது புலத்தில் பாதியை, விழுங்கினால் 9 ஆம்பியர் வேண்டும், அதற்கு ஆம்ப்ளிஃபையர் கொடுக்கவேண்டிய திறன் நான்கு மடங்கு. 12 டெசிபல் என்றால் 18 ஆம்பியர், பதினாறு மடங்கு. சரி, பணம் இருக்கிறது, வாங்கிவிட்டோம் என்றே வையுங்கள். ஏற்கெனவே நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்த சுவரோரத்துக்காரர்களுக்கும் அதே நான்கு மடங்கு, பதினாறு மடங்கு போகும். அவர்கள் மெஷினைக் கழற்றி வைத்துவிடுவார்கள். நடுவில் இருப்பவர்களுக்குக் கிணறு இன்னும் சத்தமான கிணறாகும், அவ்வளவுதான். கூட்டல் கழித்தல் 3 என்ற சீர்மை, ஆம்ப் பெரிதானால் வராது, ஒயர் போகும் வழி மாறினால்தான் வரும்.

போட்டவர் உங்களிடம் ஆம்ப்ளிஃபையரில் பச்சை விளக்கு எரிவதைக் காட்டியிருப்பார். அவர் பொய் சொல்லவில்லை. நல்ல லூப் ஆம்ப்ளிஃபையர்கள் எல்லாம் ஒயரில் ஓடும் மின்னோட்டத்தை நிலையாக வைத்திருக்கும் வகை. 40 மீட்டர் ஒயர் ஒரு சுற்றுக்கு மின்தடை அரை ஓம்தான் இருக்கும், ஆனால் அதன் தூண்டல் காரணமாக 5 கிலோஹெர்ட்ஸில் எதிர்ப்பு 2 ஓமைத் தாண்டும், அதையும் மீறிச் சரியான ஓட்டத்தைத் தள்ளுவதுதான் அந்த ஆம்ப்ளிஃபையரின் வேலை. ஓட்டம் சரியாகப் போகிறது, விளக்கு பச்சை. ஆனால் அந்த ஓட்டம் உண்டாக்கிய புலத்தில் எவ்வளவு நாற்காலிக்கு வந்தது, எவ்வளவு தரைக்குள் போனது என்று ஆம்ப்ளிஃபையருக்கு எப்படித் தெரியும்? அதை நாற்காலியில் வைத்து அளக்கவேண்டும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. புலமானியை, அதாவது காந்தப்புலத்தை அளக்கும் மீட்டரை, காது உயரத்தில், உட்கார்பவருக்கு 1.2 மீட்டர், நின்றால் 1.7 மீட்டர், நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு சுவரிலிருந்து எதிர்ச் சுவர் வரை நடக்கவேண்டும். ஒயரில் முதலில் 1 கிலோஹெர்ட்ஸ், பிறகு 100 ஹெர்ட்ஸ், பிறகு 5 கிலோஹெர்ட்ஸ். சில வருடங்களுக்கு முன் இதே மாதிரி டெக் ஷீட் தரை உள்ள ஓர் அலுவலக மாடியில் நான் நடந்தபோது, சுவரிலிருந்து ஒரு மீட்டர் உள்ளே மூன்று அதிர்வெண்ணும் கிட்டத்தட்டச் சமம். ஒவ்வோர் எட்டு வைக்கும்போதும் 5 கிலோஹெர்ட்ஸ் முள் சரிந்துகொண்டே போய், நடுவில் 100 ஹெர்ட்ஸைவிட 8 டெசிபல் கீழே நின்றது. கூட வந்த கட்டட மேற்பார்வையாளர் மீட்டர் பழுது என்றே முடிவு செய்துவிட்டார். திரும்பிச் சுவர்ப் பக்கம் நடந்து காட்டினேன், முள் தானாக ஏறியது. அப்புறம்தான் நம்பினார்.

மீட்டர் இல்லையென்றாலும் நீங்களே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. லூப் கேட்கும் சிறு ரிசீவர், ஹெட்ஃபோன் மாட்டுவது, மலிவாகவே கிடைக்கும். ஒருவரை மைக்கில் விடாமல் தலை, கலை, வலை, மலை என்று வாசிக்கச் சொல்லிவிட்டு ஹாலைக் குறுக்கே நடந்து பாருங்கள். எந்த வரிசையில் சொற்கள் குழைய ஆரம்பிக்கின்றன என்று தரையில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள். போட்டவரோடு பேசும்போது அந்த டேப் கோடு, வாக்குவாதத்தைவிட நன்றாகப் பேசும்.

சில ஆம்ப்ளிஃபையர்களில் உலோக இழப்பை ஈடுகட்ட ஒரு திருகு இருக்கும், அதைத் திருப்பினால் மேல் அதிர்வெண்களைத் தூக்கிக் கொடுக்கும். உங்கள் ஆம்பிலும் இருக்கலாம், பெரும்பாலும் யாரும் தொட்டிருக்க மாட்டார்கள். இழப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருந்தால் அது அருமையான கருவி. உங்கள் ஹாலில் சுவரோரம் இழப்பே இல்லை, நடுவில் நிறைய. நடுவுக்கு ஏற்றபடி திருப்பினால் ஓரத்தில் 'ஸ்ஸ்' என்று கீச்சிடும். ஆகவே முதலில் ஒயரைச் சரி செய்யவேண்டும், திருகு கடைசியில்.

ஒயரை எப்படிச் சரி செய்வது? பிம்பக் கதையை மறுபடி பாருங்கள், பதில் அதிலேயே இருக்கிறது. ஒயருக்குப் பக்கத்தில் இருப்பவர் தப்பிக்கிறார், தூரத்தில் இருப்பவர் மாட்டுகிறார். அப்படியென்றால் எல்லோருக்கும் பக்கத்தில் ஒயர் இருக்கவேண்டும். 10 மீட்டர் அகலத்துக்கு ஒரே பெரிய சுற்றுக்குப் பதில், சில மீட்டர் அகலமுள்ள பட்டைகளாக, பாய் பின்னுவது போல் ஒயரைத் தரையில் மடித்து மடித்து ஓட்டுவார்கள். அதில் ஒரு சிக்கல்: ஒயருக்கு நேர் மேலே காந்தப்புலம் படுக்கையாக இருக்கும், டி-காயில் நிமிர்ந்து நிற்கும், இரண்டுக்கும் ஒட்டாது. ஒவ்வோர் ஒயருக்கு மேலேயும் ஒரு செவிட்டுக் கோடு விழும். அதை மூட, முதல் பின்னலுக்கு இடையிடையே விழுமாறு இரண்டாவது பின்னல் போட்டு, அதற்குப் போகும் சிக்னலை 90 பாகை தள்ளிக் கொடுப்பார்கள். ஒன்றின் செவிட்டுக் கோடு மற்றதின் நல்ல இடத்தில் விழும். இதற்கு இரண்டு வெளியீடு உள்ள ஆம்ப்ளிஃபையர் வேண்டும், ஆகவே புது ஆம்ப் செலவு எப்படியும் உண்டுதான், ஆனால் அது 'பெரிய' ஆம்ப் அல்ல, வேறு ஆம்ப். ஒயருக்குப் பதில் தட்டையான செம்பு நாடா கிடைக்கும், கம்பளத்துக்கு அடியில் போட்டால் கால் தட்டாது. கம்பளம் மாற்றும் திட்டம் ஏதாவது இருந்தால் அதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள், பின்னால் செய்தால் இரட்டைச் செலவு.

இதில் ஒரு கூடுதல் லாபம், புலம் ஹாலுக்கு வெளியே அதிகம் கசியாது. பக்கத்து அறையிலும் லூப் இருந்தால், அங்கே நடக்கும் பரதநாட்டிய வகுப்பின் நட்டுவாங்கம் இங்கே பிரசங்கத்தில் கலக்காது.

தகட்டிலிருந்து ஒயரை எவ்வளவு தள்ளி வைக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பதும் உண்மைதான். கூரைப் பக்கம் மரம் என்றால் ஒயரை மேலே கொண்டுபோகலாமா என்று யோசிக்கலாம். ஆனால் முதலில் மேலே பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் தொங்கும் அந்த அலுமினியச் சட்டங்கள், கட்டம் கட்டமாக ஒன்றோடொன்று சேர்ந்திருந்தால், அதுவும் ஒரு வலை. பளபளக்கும் அலுமினியத் தாள் ஒட்டிய இன்சுலேஷன் பலகை இன்னொரு திருடன்: சமையலறைத் தாள் அளவு மெல்லியது, ஆனாலும் சுவர் நெடுக ஒட்டிக்கொண்டு தொடர்ச்சியாகப் போனால் பேச்சின் பெரும்பகுதியைத் தின்னும். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக் கட்டைப் பற்றி மட்டும் முன்கூட்டியே எதுவும் சொல்ல முடியாது. கட்டுக்கம்பியால் முடிச்சுப் போட்ட இடங்களில் கம்பியும் கம்பியும் நன்றாகத் தொட்டுக்கொண்டிருக்கிறதா, நடுவில் துரு இருக்கிறதா என்பதைப் பொறுத்து ஒரே வரைபடத்தில் கட்டிய இரண்டு ஹாலில்கூட இரண்டு விதமாக இருக்கும். இரும்பு நாற்காலிகள்? அதற்குப் பயப்படவேண்டாம், தரையோடு ஒப்பிட்டால் ஒன்றுமில்லை. ஊரில் யாராவது கல்யாண மண்டபத்தில் லூப் போட நினைத்தால் அவர்களுக்கும் இதேதான்: தகரக் கூரை, அதற்குக் கீழே சீலிங் சட்டம், கீழே கம்பி கட்டிய தளம், மூன்றும் சேர்ந்திருக்கும். தற்காலிகமாக ஒயரை விரித்து அளந்து பார்க்காமல் யாரும் விலை சொல்லக்கூடாது.

உலோகம் இன்னொரு வேலையும் செய்யும். நியூட்ரலையும் எர்த்தையும் எங்கேயாவது தவறாகச் சேர்த்திருந்தால், திரும்பிப் போகவேண்டிய மின்சாரத்தில் ஒரு பங்கு கட்டடத்தின் இரும்பு வழியாகவே ஊர்ந்து போகும், அது ஹால் முழுக்க 50 ஹெர்ட்ஸ் ஊமை உறுமலாகக் கேட்கும். லூப்பை அணைத்துவிட்டு அப்பாவை 'டி'யில் வைத்து உட்காரச் சொல்லுங்கள். அமைதியாக இருந்தால் நல்லது. உறுமினால் லூப்காரரைக் கூப்பிடாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது பாதுகாப்பு விஷயமும்கூட.

லூப்பே வேண்டாம், வேறு ஏதாவது போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். பேச்சைக் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் அனுப்பும் அகச்சிவப்பு முறைக்கு இந்தத் தரையைப் பற்றிக் கவலையே இல்லை, ஆனால் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு ரிசீவரைக் கொடுத்து வாங்கவேண்டும், சார்ஜ் போட்டு வைக்கவேண்டும். எனக்குத் தெரிந்து முதல் ஆறு மாதம் ஒழுங்காக நடக்கும், அப்புறம் பெட்டி அலமாரிக்குள் போய்விடும். ப்ளூடூத்தில் 2022இல் அறிவித்த ஆராகாஸ்ட், ஒரே ஒலியைப் பலருடைய கருவிகளுக்கும் ஒரே நேரத்தில் அனுப்பும் வசதி, நல்லதுதான், ஆனால் உங்கள் பெரியவர்கள் இப்போது போட்டிருக்கும் மெஷின்களில் பலவற்றுக்கு அது தெரியாது. பிரிட்டனின் அரசு மருத்துவச் சேவையான என்ஹெச்எஸ் தரும், காதுக்குப் பின்னால் மாட்டும் மெஷின்களில் பெரும்பாலும் டி-காயில் உள்ளேயே இருக்கிறது, மெஷினைச் சரிசெய்து கொடுக்கும் ஆடியாலஜிஸ்ட் அந்த நிரலைத் திறந்துவிடாமல் விட்டிருப்பதும் உண்டு, கேட்டால் செய்து கொடுப்பார்கள். ஆகவே இப்போதைக்கு லூப்தான், ஆனால் பின்னல் லூப்.

போட்டவரிடம் சண்டை வேண்டாம். ஹால் நடுவில் 1.2 மீட்டர் உயரத்தில் 100 ஹெர்ட்ஸ், 1 கிலோஹெர்ட்ஸ், 5 கிலோஹெர்ட்ஸ் மூன்றுக்கும் அளவு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரச் சொல்லுங்கள். ஐஇசி தரநிலைப்படிதான் போட்டேன் என்றால் அந்தத் தாள் அவரிடம் ஏற்கெனவே இருக்கவேண்டும். இல்லையென்றால் அளக்கத் தெரிந்த இன்னொருவரைக் கூப்பிடுங்கள்.

அதுவரை அப்பாவைச் சுவரை ஒட்டி உட்கார வைக்காதீர்கள், ஒயருக்கு நேர் மேலே அந்தச் செவிட்டுக் கோடு இருக்கும். ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் உள்ளே நாற்காலியைப் போடுங்கள். கும்பிடும்போது தலை குனிந்தால் டி-காயிலும் சாயும், சத்தம் குறையும், மெஷின் கெட்டுப்போச்சு என்று அவர் பயப்படாமல் முன்னாலேயே சொல்லிவையுங்கள்.